பைத்தானின் கெட்_டெர்மினல்_சைஸ்: ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெர்மினல் (கட்டளை தட்டும் ஜன்னல்) எத்தனை எழுத்து அகலம், எத்தனை வரி உயரம் என்று சொல்லும், பைத்தான் மொழியின் ஷ்யூட்டில் தொகுப்பில் இருக்கும் கெட்_டெர்மினல்_சைஸ் நல்ல பங்ஷன்தான். நான் எழுதும் கமாண்ட் லைன் புரோகிராம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால் அது தரும் எண்ணை யோசிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாடம் கிடைத்தது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பேக்கப் கோப்புகளை மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதியிருந்தேன். கோப்புக்கு ஒரு வரி: பாதை, அளவு, சரியா தவறா. பாதை நீளமாக இருந்தால் நடுவில் மூன்று புள்ளி வைத்துச் சுருக்கி, வரி திரைக்குள் அடங்கும்படி செய்திருந்தேன், திரையில் பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். அப்புறம் அதையே கிரானில் (குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானாக ஓட்டும் கருவி) போட்டு, இரவில் ஓடி லாக் கோப்பில் எழுதும்படி வைத்தேன். சில மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் காலையில் முப்பது நாற்பது வரிகளில் 'தவறு' என்று வந்திருந்தது. எந்தக் கோப்பு என்று பார்க்கப் போனால் எல்லாப் பாதையும் நடுவில் வெட்டுப்பட்டு தலையும் வாலும் மட்டும் மிச்சம் இருந்தன, ஒரே பெயரில் பல ஃபோல்டர்களில் கோப்புகள் இருந்ததால் எது எது என்று பிரிக்கவே முடியவில்லை. முழுச் சோதனையையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. லாக் கோப்புக்கு ஏது ஓரம்? அதில் ஒரு வரி 80 எழுத்தும் இருக்கலாம், 8,000 எழுத்தும் இருக்கலாம். பங்ஷன் 80 என்றது, என் புரோகிராம் அதை நம்பி வெட்டிவிட்டது.

உள்ளே அது என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும், அதன் நிரலும் சின்னதுதான். 3.3 பதிப்பில் வந்தது. முதலில் காலம்ஸ், லைன்ஸ் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களை (புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்புகள்) பார்க்கும். அவற்றில் பூச்சியத்துக்கு மேல் எண் இருந்தால் அதுதான் பதில். இல்லாவிட்டால் ஸ்டாண்டர்ட் அவுட்புட் (புரோகிராம் தன் முடிவை எழுதும் ஓடை) இணைந்திருக்கும் டெர்மினலின் அளவை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். அதுவும் கிடைக்காவிட்டால் ஃபால்பேக் என்று நாம் கொடுத்து வைத்த எண், நாம் எதுவும் கொடுக்கவில்லை என்றால் 80க்கு 24 (80 எழுத்து அகலம், 24 வரி உயரம்). இது 1978இல் வந்த விடி100 டெர்மினலின் திரை அளவு. 80 என்ற அகலமோ அதைவிடப் பழையது, 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையிலேயே 80 நெடுவரிசைகள்தான். ஆனால் அந்த விடி100இலேயே 132 கட்டத்துக்கு (ஒரு கட்டம் என்பது ஓர் எழுத்துக்கான இடம்) மாற்றிக்கொள்ளும் வசதியும் இருந்தது, அதாவது 80 மட்டும்தான் அகலம் என்று அன்றைக்கும் யாரும் நினைக்கவில்லை.

நடுவில் இருக்கும் படி, சிஸ்டத்திடம் நேராகக் கேட்பது, அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. லினக்ஸிலும் மேக்கிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே ஒவ்வொரு டெர்மினலுக்கும் எத்தனை வரி, எத்தனை கட்டம் என்று குறித்து வைத்திருக்கிறது, ஐஓசிடிஎல் என்று கெர்னலிடம் கேட்கும் ஓர் அழைப்பில் அது கிடைத்துவிடும். நீங்கள் ஜன்னலின் ஓரத்தை மவுஸால் இழுத்தால், ஜன்னலை வரையும் மென்பொருள் புது அளவைக் கெர்னலுக்குச் சொல்கிறது, கெர்னல் அதைக் குறித்துக்கொண்டு, முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு சிக்விஞ்ச் என்ற சிக்னலை அனுப்புகிறது. ஒரே ஜன்னலைப் பல பகுதிகளாக்கும் டிமக்ஸில் திரையை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் தனி டெர்மினல், தனி அளவு, கேட்டால் அந்தப் பாதியின் அகலம்தான் வரும். எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான், அதன் நெறிமுறையிலேயே டெர்மினல் கேட்கும்போது அகலத்தைச் சொல்லவும், பிறகு ஜன்னல் மாறினால் தெரிவிக்கவும் தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன (2006இல் வெளியான ஆர்எஃப்சி 4254). தூரத்தில் இருக்கும் புரோகிராம் தன் பக்கத்துக் கெர்னலைக் கேட்டால் போதும், உங்கள் மேசையில் இருக்கும் ஜன்னலின் அகலம் கிடைக்கும். இத்தனை காலமாக எல்லாரும் பயன்படுத்தி வந்த இந்த வழி, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்துக்குள் ஒரு முறையான பங்ஷனாக வந்தது 2024 பதிப்பில்தான், அந்தத் தாமதம்தான் வியப்பு.

விண்டோஸிலும் கவனமாகவே செய்திருக்கிறார்கள். அங்கே கன்சோலுக்கு இரண்டு அளவு உண்டு, பின்னால் இருக்கும் பஃபரின் அகலம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் ஜன்னலின் அகலம் இன்னொன்று. பஃபர் பெரிதாக இருந்து ஜன்னல் சின்னதாக இருந்தால், பஃபரைக் கேட்டு எழுதும் புரோகிராமின் வலது பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். பைத்தான் தெரியும் ஜன்னலைத்தான் கணக்கிடுகிறது.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். அகலம் என்ன என்ற கேள்விக்கு உண்மையில் மூன்று விதமான பதில் இருக்கிறது. பயன்படுத்துபவர் தானே சொன்ன எண், டெர்மினல் சொன்ன எண், அகலம் என்று ஒன்றே இல்லை. இந்த மூன்றாவது பதிலை இந்தப் பங்ஷன் தானாகச் சொல்லவே சொல்லாது. பைப்பில் (வெளியீட்டை இன்னொரு புரோகிராமுக்கு நேராக அனுப்புவது) போனாலும், கோப்பில் எழுதினாலும், கிரானில் ஓடினாலும், டெர்மினல் கேட்காமல் எஸ்எஸ்எச்சில் ஒற்றைக் கட்டளையாக ஓட்டினாலும், 80 கட்டம் கொண்ட ஒரு டெர்மினல் இருப்பது போலவே பதில் வரும். வந்த எண்ணைப் பார்த்து அது நிஜமான 80ஆ, தெரியாததால் சொன்ன 80ஆ என்று பிரிக்க வழியே இல்லை. எரர் வராது என்பதை இதன் சிறப்பாகச் சொல்வார்கள். உதவிப் பக்கம் அச்சடிக்கும் ஆர்க்பார்ஸ் இதைத்தான் அழைத்து அதில் இரண்டைக் கழித்து வரிகளை மடிக்கிறது, அங்கே 80 வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, மடித்த வரியில் ஒரு சொல்லும் காணாமல் போகாது. வெட்டுகிற இடத்தில்தான் ஆபத்து. மடிப்பதற்கு ஓர் ஊகம் போதும், வெட்டுவதற்கு நிச்சயம் வேண்டும், என் பேக்கப் புரோகிராமில் நான் ஊகத்தை வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறேன்.

இரண்டாவது குறை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் பார்ப்பது. முன்னேற்றப் பட்டை காட்டும் புரோகிராம்கள் அந்தப் பட்டையை வழக்கமாக ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி ஓடை) எழுதும், முடிவு மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் போகும். முடிவை நீங்கள் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் பட்டை மட்டும் திரையில் ஓடும், அதுதான் நமக்கும் வேண்டும். ஆனால் இந்தப் பங்ஷன் கோப்பாகிவிட்ட ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைக் கேட்டுவிட்டு 80 என்று திரும்பும். உங்கள் ஜன்னல் 200 கட்டம் என்றால் பட்டை கொஞ்சம் குட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். ஜன்னல் 60 கட்டம் என்றால்? 80 கட்டப் பட்டை அடுத்த வரிக்கு மடியும், வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்ற கட்டளை மடிந்த இரண்டாவது வரியின் தொடக்கத்துக்குத்தான் கொண்டுபோகும், மேலே இருக்கும் பாதி அப்படியே நின்றுவிடும், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு வரி மிச்சமாகி, ஒரு நிமிடத்தில் திரை முழுக்கப் பட்டையின் எச்சங்களாக நிறைந்துவிடும். இதை நீங்களும் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பைத்தானிலேயே இதற்குத் தீர்வு இருக்கிறது: ஷ்யூட்டிலை விட்டுவிட்டு ஓஎஸ் தொகுப்பில் அதே பெயரில் இருக்கும் பங்ஷனை அழைத்து, எந்த எண்ணுள்ள ஓடையைக் கேட்க வேண்டும் என்று கொடுக்கலாம். 2 என்று கொடுத்தால் ஸ்டாண்டர்ட் எரரைக் கேட்கும், அங்கே டெர்மினல் இல்லாவிட்டால் நேர்மையாக எரர் எறியும். எங்கே எழுதுகிறோமோ அங்கே கேட்க வேண்டும், இதை எல்லா மொழியிலும் எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கடைசிக் கட்டம். அகலம் 80 என்றால் சரியாக 80 கட்டமும் நிரப்பி எழுதாதீர்கள், 79இல் நிறுத்துங்கள். கடைசிக் கட்டத்தில் எழுதியதும் கர்சர் அடுத்த வரிக்குப் போகுமா, அங்கேயே காத்திருக்குமா என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும்.

காலம்ஸ் வேரியபிளுக்கு முதலிடம் கொடுத்தது சரியா என்று எனக்குள்ளேயே நெடுநாள் வாதம் இருந்தது. இப்போது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பாதி மனதோடு. போசிக்ஸ் அதைப் பயன்படுத்துபவர் விரும்பும் அகலம் என்றுதான் வரையறுக்கிறது, விருப்பம் என்று ஒருவர் சொன்ன பிறகு கெர்னல் என்ன சொன்னால் என்ன? சோதனை எழுதும்போது அகலத்தை 40 என்று நிலைநிறுத்த இதைவிட எளிய வழியும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாஷ் ஷெல் இந்த வேரியபிளைத் தானாகவே அமைத்து, ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் புதுப்பித்துக்கொள்கிறது (5.0 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்கும்), ஆனால் எக்ஸ்போர்ட் செய்வதில்லை, அதாவது தான் ஓட்டும் புரோகிராம்களுக்குக் கொடுப்பதில்லை. அதனால் நம் புரோகிராமுக்கு அது கண்ணில் படாது, படாததுதான் நல்லது. யாராவது தங்கள் ஸ்டார்ட்அப் கோப்பில் அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால், புரோகிராம் தொடங்கிய கணத்தில் இருந்த அகலம் அப்படியே உறைந்துவிடும், ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் சிக்விஞ்ச் எத்தனை முறை வந்தாலும் இந்தப் பங்ஷன் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒருமுறை எழுதிவிட்டு முடிந்துபோகும் புரோகிராமுக்கு இது தொல்லையே இல்லை. திரையில் மணிக்கணக்கில் ஓடும் புரோகிராம் என்றால் சிக்னல் வந்த பிறகு காலம்ஸை மறந்துவிட்டு ஓஎஸ் பங்ஷனை நேராகக் கேளுங்கள்.

இந்த வேரியபிளை அழகாகப் பயன்படுத்தியது, நிரல் கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்பேன். கிட் தன் வெளியீட்டைப் பேஜருக்கு (பக்கம் பக்கமாகக் காட்டும் புரோகிராம்) பைப் செய்கிறது, பைப் போட்ட பிறகு கேட்டால் டெர்மினலே இல்லை என்று ஆகிவிடும், ஆனால் கடைசியில் அது போய்ச் சேரும் இடமோ திரைதான். அதனால் பைப் போடுவதற்கு முன்பே அகலத்தைக் கேட்டு வைத்துக்கொள்கிறது, அதைக் காலம்ஸில் வைத்துப் பேஜருக்கும் அனுப்புகிறது. கேட்பது எவ்வளவு முக்கியமோ எப்போது கேட்கிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அந்த நிரலைப் படித்தபோதுதான்.

மற்றவை எப்படி? ஷெல் ஸ்கிரிப்ட்டில் பலரும் அகலம் கேட்க டிபுட் கால்ஸ் என்ற கட்டளையை எழுதுவார்கள். அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டெர்மினலைக் கண்டுபிடிக்க முடியாதபோது டெர்மினல் வகைகளின் விவரங்கள் அடங்கிய டெர்மின்ஃபோ தரவில் எழுதியிருக்கும் அகலத்தைச் சொல்லிவிடும், அதுவும் பெரும்பாலும் 80தான், ஆக அதே நோய் அங்கேயும். எஸ்டிடிஒய் சைஸ் என்ற கட்டளை கேட்பது ஸ்டாண்டர்ட் இன்புட்டை, ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்கும் லூப்புக்குள் வைத்தால் எரர்தான் வரும், ஆனால் எரர் வருவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நோட் ஜேஎஸ்ஸில் ஒவ்வொரு ஓடைக்கும் தனியாக அகலம் உண்டு, டெர்மினல் இல்லாவிட்டால் அன்டிஃபைண்ட், அதாவது மதிப்பே இல்லை. கோ மொழியின் டெர்ம் தொகுப்பும் எந்த ஓடை என்று கேட்டு, இல்லையென்றால் எரர் தருகிறது. இந்த இரண்டும்தான் சரியான வடிவம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு புரோகிராம் எழுதுபவரிடம் வரும், அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இவை எல்லாமே கெர்னலுக்கு அளவு தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. சீரியல் கேபிளில் இணைத்த கன்சோலில் மறுமுனையில் எவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்ல ஆளே இல்லை, கேட்டால் பூச்சியம் வரலாம். பூச்சியம் என்றால் தெரியாது என்று பொருள், அகலமே இல்லாத திரை என்று எடுத்துக்கொண்டு அதால் வகுத்தால் புரோகிராம் விழும். அந்த மாதிரி இடத்தில் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் மென்பொருளோடு வரும் ரீசைஸ் கட்டளை செய்வதுதான் வழி: கர்சரை 999ஆவது வரி 999ஆவது கட்டத்துக்குப் போகச் சொல்லி, அது ஓரத்தில் முட்டி நின்றதும், எங்கே நிற்கிறாய் என்று டெர்மினலிடமே கேட்பது. பதில் விசைப்பலகையிலிருந்து தட்டியது போல இன்புட்டில் வந்து சேரும், அதைப் படிக்கும் நேரத்தில் பயனர் ஏதாவது தட்டிவிட்டால் இரண்டும் கலந்துவிடும். அதனால் இதைச் சாதாரணப் புரோகிராமுக்குள் வைக்க வேண்டாம், அந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டிக் கெர்னலுக்கு அளவைச் சொல்லிவிட்டால் போதும்.

அகலம் சரியாகக் கிடைத்த பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கும், தமிழில் எழுதுபவர்களுக்கு இது உடனே தெரியும். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள், பைத்தானில் நீளம் கேட்டால் 5. யுடிஎஃப்-8இல் 15 பைட். திரையில் எத்தனை கட்டம்? யூனிகோட் பட்டியலில் இகரக் கொக்கியான ி இடம் எடுக்கும் குறி என்ற வகையில் இருக்கிறது, ஈகாரத்தின் ீயும் மெய்ப்புள்ளியும் இடம் எடுக்காத குறி என்ற வகையில். ஒரு குறி எத்தனை கட்டம் என்று சொல்லும் டபிள்யூசிவிட்த் பங்ஷனின் வழியில் வந்த பழைய கணக்குகள் இடம் எடுக்காத வகைக்குப் பூச்சியம், மற்றதுக்கு ஒன்று என்று போடுவதால் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம் என்று வரும்! அந்தக் கணக்கில் 'தமிழ்' நான்கு கட்டம். பைத்தானுக்கான டபிள்யூசிவிட்த் நூலகத்தின் பிந்தைய பதிப்புகளில் இதைத் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் நூலகம் திருந்தினால் போதுமா, வரைகிற டெர்மினலும் அதே கணக்கைப் போட வேண்டுமே. இரண்டும் வேறு வேறு எண்ணை நம்பினால் அட்டவணையின் வலது ஓரம் வரிக்கு வரி ஆடும். எழுத்துக் கூட்டத்தை ஒன்றாக எண்ணு என்று டெர்மினலிடம் கேட்டுக்கொள்ள 2027 என்ற ஒரு மோடு வந்திருக்கிறது, சில டெர்மினல்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன, மற்றவையும் ஏற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரைக்கும் நான் செய்வது, தமிழ் வரக்கூடிய நெடுவரிசையை அட்டவணையின் கடைசியில் வைப்பது. அதற்குப் பிறகு எதுவும் இல்லையென்றால் ஆடுவதற்கும் எதுவும் இல்லை.

கெட்_டெர்மினல்_சைஸுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரையை எளிதில் மீட்டுக்கொள்ளலாம்: ஃபால்பேக்காக 80க்கு 24 கொடுக்காமல், பூச்சியம் பூச்சியம் என்று கொடுத்து அழையுங்கள். டெர்மினல் இல்லாவிட்டால் அகலம் 0 என்று வரும், 0 வந்தால் எதையும் வெட்டாதீர்கள். இதோடு அகலத்தைச் சொல்ல ஒரு ஆப்ஷனும் வையுங்கள், அதில் 0 கொடுத்தால் வரம்பே இல்லை என்று பொருள் கொள்ளுங்கள், கோப்புகளைப் பட்டியலிடும் குனூ எல்எஸ்ஸின் விட்த் ஆப்ஷனும் அப்படித்தான். என் பேக்கப் புரோகிராமை இப்படி மாற்றி எழுத ஒன்பது வரிதான் ஆயிற்று. சோதிப்பதற்கு ஜன்னலை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், எஸ்டிடிஒய் கால்ஸ் 40 என்று தட்டினால் கெர்னல் 40 என்றே நம்பிவிடும், அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் கேட் கட்டளைக்குப் பைப் செய்து ஒருமுறை, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் கோப்புக்குத் திருப்பிவிட்டு ஒருமுறை, கடைசியாகக் கிரானிலிருந்து ஒருமுறை. என்னுடையது இந்த நாலாவதில்தான் விழுந்தது.